குருதியிற் குற்றம்: ‘குற்றப் பரம்பரை’க் கோட்பாடும் தமிழ்ச் சமூகமும்

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில், கோவலனைக் கொல்லுமாறு ஏவப்பட்ட காவலர் ஒரு கணம் தயங்குகின்றனர். அவனது தோற்றத்திற் கள்வனுக்குரிய குறி எதனையும் அவர்களாற் காண முடியவில்லை. உடலிலக்கணம் கூறும் நல்ல அமைப்புகள் யாவும் பொருந்தியிருக்கும் இவன் கொலைத் தண்டனைக்கு உரியவனல்லன் என்பது அவர்தம் துணிபு. பொற்கொல்லன் நகைக்கிறான். மந்திரம் முதலாகக் கருவி ஈறாகக் கள்வர் துணைக்கொள்வன எட்டினையும் விரித்துரைத்து, தேர்ந்த கள்வனைத் தோற்றத்தால் அறிதல் இயலாது என நிறுவுகிறான். தயக்கம் தீருமுன்னரே, கல்லாத களிமகன் ஒருவனின் வாள் கோவலன் மேற் பாய்கிறது.

இப்பகுதியை நாம் பெரும்பாலும் ஊழ்வினையின் செயற்பாடாகவே கற்பித்து வந்துள்ளோம். ஆயினும் குற்றம் எங்கே உறைகிறது என்ற வினாவை முன்வைத்து இதனை வாசிக்கும்போது வேறொன்று புலனாகும். தோற்றத்தைக் கொண்டு குற்றவாளியைக் கண்டறியவியலாது என்ற சரியான கொள்கையை இங்கு உரைப்பவன் உண்மைக் கள்வன். உடலைப் பார்த்து உள்ளத்தை அளக்கலாம் என்ற தவறான கொள்கையை உடையோரோ இரக்கமுடையோராய் இருக்கின்றனர். அவர்தம் இரக்கமும் ஆராய்தற்குரியது. பெருங்குடி வணிகனின் மேனியிற் கண்ட நல்லிலக்கணம் வாளைச் சற்றுத் தடுத்து நிறுத்திற்று. வெயிலிற் கருகி, சுமை தூக்கித் தோள் தழும்பேறிய ஒரு கூலியாள் அவ்விடத்து நின்றிருப்பின், காவலர் தயங்கியிருப்பரா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும். உடலிற் குற்றத்தைப் படிக்கும் கலை, தோன்றிய நாள் முதலாகவே வர்க்கச் சார்புடையதாய் இருந்திருக்கிறது.

குற்றம் பிறப்போடு வருவது, குருதியில் ஓடுவது, சந்ததி சந்ததியாகக் கையளிக்கப்படுவது என்னும் கோட்பாடு கடந்த 150 ஆண்டுகளாக விஞ்ஞானத்தின் பெயரால் முன்வைக்கப்பட்டு வருகிறது. மண்டையோட்டியல், உடலளவை, நிறமூர்த்தம், பரம்பரை அலகு எனக் காலந்தோறும் அது வேறு வேறு ஆடைகளை அணிந்து வந்துள்ளது. அக்கோட்பாடு தமிழ் மக்களின் வாழ்விற் சட்டமாக நின்ற வரலாற்றையும், அது சட்டமாக இயற்றப்படாத யாழ்ப்பாணத்தில் வேறு வடிவிற் செயற்பட்டு வந்ததையும் இக்கட்டுரை நோக்குகிறது.

முதலில் இலக்கியச் சான்றுகள் சிலவற்றைக் காண்போம். அகத்திணை மரபிற் பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் வகுத்தாரல்லர். முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு கெட்டுப் பாலையென்னும் வடிவு கொள்ளும் என்ற விளக்கத்தை, காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் வாயிலாக இளங்கோவடிகள் தருகிறார். பாலையின் மக்களாகச் சொல்லப்படுவோர் ஆறலை கள்வரான எயினரும் மறவரும் ஆவர். நிலத்தின் வளம் குன்றும்போது ஆயனும் வேட்டுவனும் வழிப்பறிக்காரனாகிறான் என்பதே இவ்விரு செய்திகளையும் இணைத்துப் பார்க்கையிற் கிடைக்கும் கருத்தாகும். வேட்டுவ வரியில் தெய்வமேறிய சாலினி எயினரைக் கடிந்துகொள்வதும் இங்கு நினைக்கத்தக்கது. நிரை கவரும் தொழிலை விட்டு, அறவழியில் வாழும் குடிகளைப் போல இவர்கள் அடங்கிவிட்டனர் என்பதே அவள் குறை. கொள்ளை குருதியில் உள்ளதாயின், அடங்குதல் எவ்வாறு கூடும்? தெய்வமே வந்து தூண்ட வேண்டிய நிலை ஏன் நேர வேண்டும்?

புறத்திணையில் இது இன்னும் தெளிவாகும். வெட்சி என்பது இரவிற் சென்று பிறர் ஆநிரையைக் கவர்தல். புறப்பொருள் வெண்பாமாலை அதனை மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என இரண்டாகப் பகுக்கும். செயல் ஒன்றே. மன்னன் ஏவினாற் போரின் தொடக்கம். ஏவாவிடில் மறவனின் சொந்த முயற்சி. பேரரசும் நிலவுடைமையும் வலுப்பெற்றபின் அச்சொந்த முயற்சியே களவாயிற்று. பழந்தமிழ்ப் புலவர்கள் வரலாற்றுப் பொருள்முதல்வாதிகளாயிருந்தனர் என்று கூறும் மிகையார்வம் எனக்கில்லை. ஆயினும், நிலத்துக்கும் தொழிலுக்கும் ஒழுக்கத்துக்குமிடையே உறவு காணும் நோக்கொன்று எமது மரபில் இருந்தது என்பதை மறுத்தல் இயலாது.

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம். சேசாரே லொம்புரோசோ என்ற இத்தாலிய மருத்துவர் ‘குற்றவாளி மனிதன்’ என்னும் நூலை 1876இல் வெளியிட்டார். கலாபிரியாவைச் சேர்ந்தவனும் களவுக்காகத் தண்டிக்கப்பட்டவனுமான வில்லெல்லா என்பானின் மண்டையோட்டை ஆராய்ந்தபோது, அதன் பிற்பகுதியிற் கண்ட ஒரு குழி தமக்கு உண்மையைப் புலப்படுத்திற்று என்று அவர் கூறிக்கொண்டார். கீழ்நிலை விலங்குகளிற் காணப்படும் அமைப்பு அது. எனவே பிறவிக் குற்றவாளி என்பவன் பரிணாமப் பாதையிற் பின்தங்கி நின்றுவிட்ட மனிதன். பெரிய தாடை, நீண்ட கைகள், அடர்ந்த புருவம் ஆகியன அவனுக்குரிய அடையாளங்களாகக் கூறப்பட்டன.

அம்மண்டையோடு எங்கிருந்து வந்தது என்பதே நமக்கு முக்கியம். 1861இல் இத்தாலி ஒன்றிணைக்கப்பட்ட பின்னர், நிலச் சீர்திருத்தம் கிட்டாத தென்னகக் குடியானவரின் கிளர்ச்சி கொள்ளையென்று பெயரிடப்பட்டு இராணுவத்தால் அடக்கப்பட்டது. லொம்புரோசோ தாமே இராணுவ மருத்துவராகக் கலாபிரியாவிற் பணியாற்றியவர். நிலமற்றவனின் கலகத்துக்கு நிலத்திற் காரணம் தேடாமல் மண்டையோட்டிற் காரணம் தேடப்பட்டது.

இவ்விடத்து முற்போக்காளர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியொன்று உண்டு. லொம்புரோசோவும் அவர் மாணவர் என்றிக்கோ பெர்ரியும் பிற்போக்குவாதிகளாக அறியப்பட்டோரல்லர்; இருவரும் சோசலிசக் கட்சியிற் சேர்ந்திருந்தவர்கள். தென்னக மக்கள் உயிரியல் அடிப்படையிலேயே தாழ்ந்தவர் என்னும் கருத்து வடபகுதித் தொழிலாளரிடையே பரவுவதற்குச் சோசலிசக் கட்சியே வாயிலாய் அமைந்தது என்பதை, 1926இல் தென்னகப் பிரச்சினை பற்றிய கட்டுரையில் அந்தோனியோ கிராம்சி கடுமையாகச் சுட்டிக்காட்டினார். ஆலைத் தொழிலாளியும் குடியானவனும் ஒன்றுசேர்வதற்குத் தடையாய் நின்றது முதலாளியின் துப்பாக்கி மட்டுமன்று. ‘அவன் பிறப்பு அப்படி’ என்ற பேச்சும் தடையாய் நின்றது. கிராம்சியை எம்மவர் மேற்கோள் காட்டுமளவுக்கு இப்பகுதியைப் படிப்பதில்லை என்பது என் எண்ணம்.

லொம்புரோசோவின் அளவைகள் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆங்கிலச் சிறை மருத்துவர் சார்ள்ஸ் கோரிங், ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, மாணவரும் படைவீரரும் உள்ளிட்ட பிறரோடு ஒப்பிட்டு, குற்றவாளிக்கெனத் தனியான உடல்வகை ஏதும் இல்லை என 1913இல் எழுதினார். அவரும் மனக்குறைபாடு பரம்பரையாக வருவதென்றே நம்பினார் என்பது வேறு விடயம்.

நம் வரலாற்றில் வியப்புக்குரியது யாதெனில், விஞ்ஞானத்துக்கு முன்னரே சட்டம் வந்துவிட்டமையாகும். லொம்புரோசோவின் நூல் 1876இல் வெளிவந்தது. பிரித்தானிய இந்தியாவின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1871ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமாகும். ஐந்தாண்டுகள் முந்தியது. மண்டையோட்டை அளந்து கண்டறிந்தபின் இயற்றப்பட்ட சட்டமன்று அது. இந்தியாவில் தொழில் சாதிவழிப்பட்டது. தச்சன் மகன் தச்சனாவது போலக் கள்வன் மகன் கள்வனாவான் என்பதே அச்சட்டத்துக்கு ஆதரவாகக் கூறப்பட்ட நியாயம். இதனை ஆங்கிலேயன் தன் நாட்டிலிருந்து முழுமையாகக் கொண்டுவந்தான் என்று கூறிவிட முடியாது. வருணாசிரமக் கோட்பாட்டை அவன் நம் மேற்குடியினரிடமிருந்து பெற்று, காவற்றுறைப் பதிவேட்டில் எழுதிவைத்தான்.

தொடக்கத்தில் வட இந்தியாவில் நடைமுறையிலிருந்த இச்சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே சென்னை மாகாணத்துக்கு விரிந்தது. எட்கார் தேர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்து, தென்னிந்தியச் சாதிகளின் மூக்கையும் தலையையும் அளந்து ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டிருந்தார். அளவை நூலும் அடக்குமுறைச் சட்டமும் இரண்டாண்டு இடைவெளியில் அடுத்தடுத்து வந்தன.

சட்டத்தின் பிடியில் அகப்பட்டோர் யாவர்? குறவரை எடுத்துக்கொள்வோம். அவருட் பெரும்பகுதியினர் பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றிக் கடற்கரைக்கும் உள்நாட்டுக்குமிடையே வணிகஞ் செய்தவர். உப்புக் குறவர் என்ற பெயரே அதற்குச் சான்று. சங்க இலக்கியத்து உமணர் சாத்துகளை நினைவூட்டும் தொழில் அது. உப்பு அரசின் தனியுரிமையாயிற்று. புகையிரதப் பாதைகள் வந்து பொதிமாட்டின் பயனைக் குறைத்தன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் மாடுகளும் மாண்டன. 1882ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம் காட்டில் மேய்ச்சலுக்கும் மூங்கில் முதலியவற்றைச் சேகரிப்பதற்கும் இருந்த வழியை ஒடுக்கிற்று. இவ்வாறு அவர்தம் பிழைப்பு நான்கு திசையிலும் அடைபட்டபின், ஊரூராகச் சுற்றுதலே அவர் செய்த குற்றமாகக் கொள்ளப்பட்டது. வணிகத்துக்காக அலைந்தோரை ‘நாடோடிக் குற்றக் குலம்’ என்று எழுதிய அதிகாரி, அவர் அலைச்சலுக்குக் காரணம் இரத்தத்தில் உண்டென்றான். உப்பை அவன் நினைக்கவில்லை.

மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளரின் கதை சற்று வேறானது. அவர் நாடோடிகளல்லர். ஊர்களுக்குக் காவலிருந்து, காவற்கூலி பெற்றுவந்தோர். களவு போன பொருளை மீட்டுத் தருதலும், மீட்க இயலாவிடின் ஈடு செய்தலும் காவற்காரன் கடமை. காவற்கூலி தராத ஊரிற் களவு நேர்வதும் உண்டு. இவ்வேற்பாட்டை நியாயப்படுத்த வேண்டியதில்லை. அது நிலமானிய அதிகாரத்தின் ஒரு வடிவமே. ஆயினும் அது ஓர் அரசியல் ஏற்பாடு, உடற்கூற்றின் விளைவன்று. வரி தண்டும் உரிமையும் வன்முறைக்கான உரிமையும் தனக்கு மட்டுமே உரியவை என்று கருதிய கொம்பனி அரசு, 1816இல் இவ்வூர்க் காவலின் சட்டத் தகுதியைப் பறித்தது. அன்று முதல் காவற்கூலி மிரட்டிப் பறிக்கும் பணமாயிற்று. ஒரே மனிதன், ஒரே தடி, ஒரே இரவு. அரசு மாறியதும் காவலன் கள்வனானான். வெட்சித்திணையில் நாம் கண்ட பிரிப்பு இங்கு மீண்டும் நிகழ்கிறது.

இன்னொரு செய்தி இரத்தக் கோட்பாட்டுக்கு நேரடியான மறுப்பாகும். பெரியாற்று அணை 1895இல் நிறைவெய்தி, அதன் நீர் மேலூர்ப் பகுதிக்குப் பாய்ந்தது. அங்குள்ள கள்ளர் உழவில் ஊன்றிவிட்டனர் என்று ஆங்கில அதிகாரிகளே எழுதினர். உசிலம்பட்டிப் புன்செய் நிலத்துக்கு அந்நீர் எட்டவில்லை. சட்டத்தின் கொடுமையை முழுமையாகத் தாங்கியோர் அவ்வரண்ட நிலத்தாரே. குருதி வேறுபடவில்லை, வாய்க்கால் வேறுபட்டது. மாங்காட்டு மறையோனின் விளக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான உரை கிடைப்பதரிது.

மக்கள் இச்சட்டத்தை ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தனர். வளர்ந்த ஆண்கள் அனைவரும் பெருவிரல் ரேகை பதிய வேண்டும். இரவில் குறித்த இடத்தில் முன்னிலையாக வேண்டும். வேற்றூர் செல்ல ‘ராதாரிச் சீட்டு’ப் பெற வேண்டும். திருமணம், சாவு, சந்தை எதற்கும் விலக்கில்லை. அவர் யாதொரு குற்றமும் செய்தார் என நிறுவப்பட வேண்டியதுமில்லை. பிறந்ததே போதுமானது. இதனை ஏற்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆம் நாள் பொலிசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். இறந்தோருள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். பதினாறு பேரின் சாவாக அந்நாள் அவ்வூரில் நினைவுகூரப்பட்டு வருகிறது. அடுத்த ஆண்டுகளிற் பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் நிறுவப்பட்டன. ஆனால் ரேகைப் பதிவேடு மூடப்படவில்லை.

ஏகாதிபத்தியம் வெறும் அச்சத்தினால் மட்டும் இச்சட்டத்தை வைத்திருந்தது என்று எண்ணுதல் போதாது. கூலி உழைப்பின் தேவையும் அதன் பின்னின்றது. குறவரில் ஒரு பிரிவினரான எருகுலரைக் குடியேற்ற இரட்சணிய சேனையிடம் ஒப்படைக்கப்பட்ட ஸ்ருவட்புரம் இதற்குச் சான்று. இத்தகைய குடியிருப்புகளிலிருந்து சீராலைப் புகையிலைத் தொழிற்சாலைக்கு ஆட்கள் சென்றனர். ஓடினாற் குற்றம், வேலைக்கு வராவிடிற் குற்றம், வேலைநிறுத்தம் செய்தாலோ, பிறவிக் குணம் மீண்டுவிட்டது என்ற விளக்கம். இதைவிட மலிவான தொழிலாளியை எந்த முதலாளியும் கனவு காண முடியாது.

சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. இந்தியா முழுவதும் 1952இல் நீங்கிற்று. முத்துராமலிங்கத் தேவரின் இயக்கத்துக்கும், பொதுவுடைமையாளர் ஜீவானந்தம், இராமமூர்த்தி போன்றோரின் ஆதரவுக்கும் அதிற் பங்குண்டு. ஆயினும் ‘வழக்கமான குற்றவாளிகள்’ பற்றிய சட்டங்கள் உடனே அவ்விடத்தை நிரப்பின. இந்தியச் சிறைக் கைந்நூல்களிற் சாதிவழி வேலைப் பங்கீடும், பதிவு நீக்கப்பட்ட குலங்களை வழக்கமான குற்றவாளிகளாகக் கொள்ளும் விதிகளும் 2024ஆம் ஆண்டு ஒக்ரோபர் வரை நிலைத்திருந்தன என்பதை, அவற்றைச் செல்லாதவையாக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வெளிப்படுத்திற்று. பாளையங்கோட்டைச் சிறையிற் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்திருந்ததும் அவ்வழக்கிற் பேசப்பட்டது.

இவ்விடத்து மனங்கசந்து ஒன்றைக் கூற வேண்டியுள்ளது. குற்றப் பரம்பரை என்ற பழியைத் துடைத்தெறிந்தோர் சிலர், வீரப் பரம்பரை, ஆண்ட பரம்பரை என்ற பெருமையை அணிந்துகொண்டனர். பெயரடை மட்டுமே மாறியது, ‘பரம்பரை’ மாறவில்லை. குணம் குருதியில் உள்ளது என்ற எதிரியின் கொள்கை அப்படியே ஏற்கப்பட்டது. 1957இல் முதுகுளத்தூரில் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது நிகழ்ந்தவற்றை அறிந்தோர், அப்பெருமையின் விலையை யார் செலுத்தினர் என்பதையும் அறிவர்.

இலங்கையில் இத்தகையதொரு குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றப்படவில்லை. வேறு கருவிகள் இருந்தன. அலைந்து திரிவோரைத் தண்டிக்கும் 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவற்றுள் ஒன்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, தோட்டத்தை விட்டு அனுமதியின்றி நீங்கும் தொழிலாளி ஒப்பந்தம் மீறியவனாக மட்டுமன்றிக் குற்றவாளியாகவும் கொள்ளப்பட்டான். கங்காணியின் கடனைத் தீர்த்தாலன்றி அவன் இன்னொரு தோட்டத்துக்குச் செல்லவியலாதவாறு ‘துண்டு’ முறை அவனைக் கட்டிவைத்தது. 1921இல் அது ஒழிக்கப்பட்டது. கடலின் வடகரையில் ராதாரிச் சீட்டு, தென்கரையில் துண்டு. திருச்சி, மதுரை மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து வந்த மக்களுக்கு இரண்டின் மணமும் தெரிந்திருக்கும்.

யாழ்ப்பாணத்துக்கோ அத்தகைய சட்டம் தேவைப்படவில்லை என்றே கூறலாம். பிறப்பே மனிதனின் இடத்தைத் தீர்மானிக்கும் என்ற விதி இங்கு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமை அடிமைகள் பற்றிய விதிகளையும் கொண்டிருந்தது. தாயின் அடிமைநிலை பிள்ளையைச் சேர்ந்தது. 1844இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒழிக்கப்பட்ட பின்னரும் குடிமை வழக்காகவும், கிணற்றுக்கட்டு விலக்காகவும், பேச்சாகவும் அது நீடித்தது. எம் சிறார் தலைமுறை தலைமுறையாக மனனஞ் செய்த மூதுரையில், குணம் குலத்தின் அளவினது என்னும் கருத்துடைய செய்யுளொன்று உண்டு. லொம்புரோசோவைப் படித்து நகைக்கும் யாழ்ப்பாணத்துக் கற்றோர், ‘சாதிப் புத்தி’ என்ற சொல் தம் வாயிலிருந்து வரும்போது நகைப்பதில்லை.

இப்பேச்சு எவரைத் தொடும், எவரைத் தொடாது என்பதைப் பார்ப்போம். 1920களின் இறுதியில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்க வேண்டுமெனப் பணிக்கப்பட்டது. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் அதனை ஆதரித்தது. எதிர்ப்பாளர் பாடசாலைகள் சிலவற்றுக்குத் தீயிட்டனர். தீயிடல் தண்டனைச் சட்டக் கோவையின்படி பெருங்குற்றம். தீயிட்டோரின் பிறப்பை எவரும் ஆராயவில்லை. தீயிடும் குணம் அவர்தம் குலத்திலுள்ளது என எந்த முதலியாரும் அறிக்கை எழுதவில்லை.

பின்னரும் அவ்வாறே. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதையடுத்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் ‘காடையர் வேலை’ என இகழப்பட்டன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைவதைத் தடுத்தமைக்காக, 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றவாளியாகக் காணப்பட்டவரோ சி. சுந்தரலிங்கம்: கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. சட்டத்தின் நோக்கில் அவர் தண்டனை பெற்ற குற்றவாளியே. அவருடைய மண்டையோட்டை அளக்க எந்த விஞ்ஞானியும் கப்பலேறி வரவில்லை என்பதைக் குறிப்பிட்டு அப்பாற் செல்கிறேன்.

அண்மைக்கால உயிரியல் இவ்வினாவைக் கைவிட்டுவிடவில்லை. 1965இல் ஸ்கொத்லாந்தின் காஸ்ரெயர்ஸ் மருத்துவமனையிற் காவலில் இருந்தோரிடையே மேலதிக ஆண் நிறமூர்த்தம் உடையோர் சிலர் காணப்பட்டதும், ‘குற்ற நிறமூர்த்தம்’ என்ற பேச்சு எழுந்தது. மறு ஆண்டில் சிக்காகோவில் எட்டுத் தாதியரைக் கொன்றவனுக்கும் அது உண்டெனச் செய்தி பரவியது. அவனிடம் அது இருக்கவில்லை. 1976இல் வெளியான கொப்பன்கேகன் ஆய்வு, ஆயிரக்கணக்கான ஆடவரைச் சோதித்து, அவருள் அந்நிறமூர்த்தமுடைய 12 பேரைக் கண்டது. அவர்கள் தண்டனை பெற்ற விகிதம் சற்றுக் கூடியதே. ஆயினும் வன்செயலில் அவர்கள் மிகுந்தவரென நிறுவ முடியவில்லை. அறிவுத்திறச் சோதனையிற் பெற்ற குறைந்த புள்ளிகளும் அவ்வேறுபாட்டிற் பங்குகொண்டிருந்தன.

1993இல் ஒல்லாந்துக் குடும்பமொன்றில், மொனோஅமைன் ஒட்சிடேசு ஏ என்னும் நொதியத்துக்குரிய பரம்பரை அலகு பழுதுற்றிருந்த ஆடவர் சிலரிடம் வன்போக்குக் காணப்பட்டது. இது உண்மையான கண்டுபிடிப்பு, மறுத்தற்கில்லை. மிக அரியதொரு நிலை என்பதும் உண்மை. 2002இல் நியூசிலாந்தின் டனிடின் நகரத்தில், பிறப்பு முதல் தொடர்ந்து அவதானிக்கப்பட்டோரை ஆராய்ந்தவர்கள், அந்நொதியம் குறைந்து செயற்படும் வகையோடு சிறுபிராயக் கொடுமையும் சேர்ந்தபோதே வன்போக்கு மிகுந்தது என்றனர். ஏறத்தாழ நான்காண்டுகளில் இந்நுண்ணிய முடிவு தெருவுக்கு வந்தபோது, ‘போர்வீரப் பரம்பரை அலகு’ எனப் பெயர் பெற்று மயோரி மக்களின் தலையிற் கட்டப்பட்டது. நிலம் பறிக்கப்பட்ட அம்மக்கள் சிறைகளில் மிகுந்திருப்பதற்கு இப்போது விளக்கம் கிடைத்துவிட்டது! 2009இல் இத்தாலியின் திரியெஸ்தே நீதிமன்றமொன்று, இத்தகைய பரம்பரை அலகைக் காட்டி ஒரு கொலையாளியின் தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. லொம்புரோசோவின் நாட்டில் நிகழ்ந்தமை தற்செயலாகலாம்.

உயிரியலையே முதலாளித்துவச் சூழ்ச்சியென்று தள்ளிவிடும் எளிய வழியை நான் பரிந்துரைக்கவில்லை. மனிதன் உடலுடையவன், மூளை பொருளாலானது, இதனை மறுப்பவன் பொருள்முதல்வாதியல்லன். உடல் எதனால் உருவாகிறது என்பதே வினா. தமிழரும் வாழும் மொறிசியஸ் தீவிலிருந்து இதற்குத் தக்க சான்று கிடைக்கிறது. அங்கு மூன்று வயதுப் பிள்ளைகள் 1,795 பேரைக் கொண்டு 1970களின் தொடக்கத்தில் ஆய்வொன்று தொடங்கப்பட்டது. அவ்வயதிற் போசாக்குக் குறைந்திருந்த பிள்ளைகளிடம் எட்டு, பதினொன்று, பதினேழு ஆகிய வயதுகளில் முரட்டு நடத்தை மிகுந்திருந்தது. சில பிள்ளைகளுக்கு மட்டும் மூன்று வயது முதல் ஐந்து வயது வரை நல்லுணவு, உடற்பயிற்சி, கல்வி ஆகியன அளிக்கப்பட்டன. 23ஆம் வயதில் அவர்களிடையே குற்றச்செயல் குறைந்திருந்தது. தொடக்கத்திற் பசியால் மெலிந்திருந்தோரிடமே பயன் மிகுந்து காணப்பட்டது. இவ்வாய்வை நடத்தியோருள் ஒருவரான அட்ரியன் ரெயின், குற்றத்தின் உயிரியல் வேர்களை வற்புறுத்துவோரில் முன்னிற்பவர். அவர் தந்த சான்றே மூளைக்குள் நாம் காணும் குறையிற் பசியின் கையெழுத்தையும் காட்டுகிறது.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டமும் அவசரகால விதிகளும் நடைமுறைக்கு வந்தபின், யாழ்ப்பாணத்தார் யாவரும், உயர்ந்தோரும் தாழ்ந்தோரும் ஒருசேர, ஒரு புதிய அனுபவத்தைப் பெற்றனர். தென்னிலங்கைச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டும்போது, அதிற் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்ற ஒரு வரியே ஐயத்துக்குப் போதுமானதாயிருந்தது. தங்கும் விடுதியிலும் பொலிசிலும் பெயர் பதிய வேண்டியிருந்தது. செய்த செயல் கேட்கப்படவில்லை. பிறந்த ஊர் கேட்கப்பட்டது. ரேகைச் சட்டத்தை அறியாத எம் சமூகம் அதனை வேறு பெயரில் அனுபவித்தது.

2009இன் பின்னர் குடாநாட்டில் வாள்வெட்டுக் குழுக்கள் தலையெடுத்தன. ஆவா குழு என்ற பெயர் நாடறிந்தது. போரில் தந்தையையோ வீட்டையோ இழந்த பிள்ளைகள், வேலையின்மை, வெளிநாட்டுப் பணம், போதைப்பொருள், ஊர்மனைகளிற் குவிந்துள்ள படைமுகாம்கள் ஆகியன பற்றிய விரிவான சமூக ஆய்வுக்கு இது உரிய விடயமாகும். ஆனால் கைதுச் செய்தி பத்திரிகையில் வெளிவந்ததும் எம்மிடையே முதலில் எழும் கேள்வி வேறாகவே உள்ளது: பெடியள் எந்த ஊர், ஊருக்குள் எந்தப் பகுதி, ஆருடைய பிள்ளைகள்? விடை கிடைத்ததும் தலைகள் அசைகின்றன. உரையாடல் அங்கேயே முடிந்துவிடுகிறது.